முதுகுவலியை ஆராய விரும்பும் மாணவருக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்கும் வழி

முதுகெலும்பு, மூட்டு, தசை சார்ந்த வலிகளுக்குக் கையாலும் உடற்பயிற்சியாலும் சிகிச்சை அளிக்கும் துறைகளில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. கைரோபிராக்டிக் என்பது 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் முறை. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டமுறை மன்றம் இல்லாததால், அதை முறையாகப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் வெளிநாட்டுக் கல்லூரிகளை நாடுகின்றனர். இங்கேயே இருந்து அதே வகை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க விரும்புவோர் பி.பி.டி. எனப்படும் பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். ஆய்வில் இறங்கும்போது இரு சாராரும் கடக்க வேண்டிய படிகள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், உள்ளூரில் படிக்கும் பிசியோதெரபி மாணவரை முன்னிறுத்தி எழுதியுள்ளேன். வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்புபவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஆய்வு என்றாலே இறுதியாண்டில் பைண்டிங் செய்து ஒப்படைக்கும் புராஜெக்ட் என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. சீனியர் ஒருவரின் தலைப்பை எடுத்து, பயிற்சியின் பெயரை மட்டும் மாற்றி, முப்பது நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, இரண்டிலும் முன்னேற்றம் உண்டு, ஒன்றில் சற்று அதிகம் என்று முடிக்கும் ஏடுகள் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அதே உழைப்பை, இம்மாவட்டங்களில் மட்டுமே விடை தேடக்கூடிய ஒரு சிறு கேள்வியின் மீது செலுத்தினால், மாணவரின் ஏடும் பயனுள்ள ஆவணமாகும் என்பதே என் கருத்து. விலையுயர்ந்த கருவிகள் இங்கே குறைவாக இருக்கலாம். ஆராயத்தக்க கேள்விகளுக்குக் குறைவில்லை.

முதலில் படிக்கப் பழகுதல்

இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கக்கூடியதும், எவருடைய அனுமதியும் தேவைப்படாததும், ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கமே. பப்மெட் தளத்தில் உலகெங்கும் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களை இலவசமாகத் தேடலாம். பிசியோதெரபிக்கென்றே 1999-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கப்பட்ட பெட்ரோ என்ற தரவுத்தளமும் இலவசமே. அதன் பக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. அதில் ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனை ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று தர மதிப்பெண் இடப்பட்டிருக்கும். அந்த மதிப்பெண் எதற்கெல்லாம் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பதே நல்ல பாடம்: நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்களா, அளவெடுத்தவருக்கு எவர் எந்தக் குழு என்பது தெரியாமல் இருந்ததா, இடையில் விலகியோர் எத்தனை பேர் என்பன போன்ற கேள்விகள் அங்கிருந்துதான் மனத்தில் பதியும்.

முழுக் கட்டுரை கிடைப்பதில் சிக்கல் வரும். 2025 முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே அரசுக் கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. தனியார் கல்லூரி மாணவர்கள் இலவசமாகத் திறந்திருக்கும் கட்டுரைகளைத் தேடலாம். அல்லது கட்டுரையாளருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். தம் கட்டுரையை ஒரு மாணவர் படிக்க விரும்புகிறார் என்பதில் மகிழ்ந்து அனுப்பிவைப்பவர்களே அதிகம்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர், நாட்பட்ட இடுப்புவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியுடன் இருந்தனர் என்ற மதிப்பீட்டை அந்நிறுவனம் எடுத்துக்காட்டுகிறது. நோயாளிக்கு அறிவூட்டல், உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்று கூறும் அந்த ஆவணம், முதுகெலும்பை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் கருவி, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம்மூர்ச் சிகிச்சை மையங்களில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று நினைத்துப் பார்த்தாலே, வழிகாட்டுதலுக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரம் கண்ணில் படும். அந்தத் தூரத்தை அளப்பதே ஓர் ஆய்வுத் தலைப்பாகலாம்.

வாரம் ஒரு கட்டுரை போதும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் ஆறு மாதம் நீடித்தால், அதற்குப் பின் புரியாத கட்டுரைகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வியைக் கண்டெடுத்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாணவர்கள் மிகக் குறைவாக நேரம் ஒதுக்குவதும் இதற்கே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடிப்பவருக்குப் பல்லில் கறை படிவதோடு, எலும்பும் தசைநார்களும் இறுகி, கழுத்தும் முதுகும் வளையாமல் போகலாம். இந்நோய்க்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். இதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்கள் இன்று அறுபது வயதைக் கடந்து, 'இடுப்பு பிடிச்சிக்கிச்சி' என்று பிசியோதெரபி ஓ.பி.யில் வந்து அமர்கின்றனர். அவர்களுள் எவருக்குத் தேய்மானம், எவருக்கு ஃபுளோரைடின் தாக்கம் என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதன்று.

எலும்பு ஃபுளோரோசிஸைக் களத்தில் சந்தேகிக்க மூன்று எளிய சோதனைகள் உள்ளன. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள நாணயத்தை எடுப்பது ஒன்று. மோவாயால் நெஞ்சைத் தொடுவது ஒன்று. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பின்தலையைத் தொடுவது மற்றொன்று. இம்மூன்றும் பிசியோதெரபி மாணவர் முதல் ஆண்டிலேயே கற்கும் அசைவுகள்தாம். பென்னாகரம் அல்லது பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் எத்தனை பேரால் இவற்றைச் செய்ய இயலவில்லை, அவர்களின் அன்றாட வேலைகள் எந்த அளவுக்குத் தடைப்படுகின்றன என்று பதிவு செய்வது ஒரு மாணவரால் முடியக்கூடிய ஆய்வு. அதைக் கொண்டு 'ஃபுளோரைடால்தான் இந்நிலை' என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு எக்ஸ்ரேயும் நீர், சிறுநீர்ப் பரிசோதனைகளும் மருத்துவரும் வேண்டும். எண்ணிக்கையைச் சொல்லலாம், காரணத்தைச் சொல்லக் கூடாது என்ற எல்லையை முதல் நாளிலேயே வகுத்துக்கொண்டால் ஆய்வு தடம் புரளாது.

தொழில் சார்ந்த கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. புளியம்பழத்தின் ஓட்டை நீக்கிக் கொட்டை எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் தரையில் அமர்ந்து, கழுத்தைக் குனிந்து, ஒரே கையால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிகளும் மாம்பழக் கூழ் ஆலைகளும் இருக்கின்றன. ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் பசுமைக்குடில்களில் ரோஜா பறிப்போரும், தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் நின்றுகொண்டே வேலை செய்யும் இளைஞர்களும் உள்ளனர். கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்று வருவோரின் முதுகைப் பற்றி எழுதுவதற்கும் இடம் உண்டு.

இன்னொரு வாய்ப்பும் உள்ளது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டிற்கே சென்று பிசியோதெரபி அளிப்பதும் அத்திட்டத்தின் ஒரு பகுதி. வீட்டில் பயிற்சி பெறும் பக்கவாத நோயாளிகள், பிசியோதெரபிஸ்ட் வராத நாட்களில் எத்தனை முறை தாமாகப் பயிற்சி செய்கின்றனர், செய்யாதவர்களைத் தடுப்பது வலியா, துணைக்கு ஆள் இல்லாமையா, மறதியா என்பது போன்ற கேள்விக்கு இம்மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது.

இப்படிக் கிடைக்கும் விருப்பத்தை ஒரே வாக்கியத்தில் அடங்கும் கேள்வியாகச் சுருக்க வேண்டும். 'புளித் தொழிலாளர்களின் உடல்நலம்' என்பது கேள்வியன்று. 'காரிமங்கலம் ஒன்றியத்தில், குறைந்தது இரு பருவங்களாகப் புளியில் கொட்டை எடுக்கும் வேலை செய்துவரும் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களில், கடந்த ஏழு நாட்களில் கழுத்துவலி இருந்தவர்கள் எத்தனை விழுக்காடு?' என்பது கேள்வி. யார், எங்கே, எதை, எந்தக் கால அளவில் என்று நான்கும் அதில் தெளிவாக உள்ளன. சிகிச்சையை ஆராய்வதாயின், எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதும் சேர வேண்டும். வாக்கியம் எழுதிய பின், அதற்கு ஏற்கெனவே எவராவது விடை கண்டிருக்கிறார்களா என்று மீண்டும் தேட வேண்டும். கண்டிருந்தால் வருந்த வேண்டியதில்லை. அவர்கள் பயன்படுத்திய அளவுகோலையே பயன்படுத்தினால், உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணுடன் ஒப்பிட முடியும்.

எளிய கேள்வி தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்யும்போது நெட்டி முறிப்பது போன்ற சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்று நோயாளிகள் மட்டுமல்லாமல் சிகிச்சையாளர்களும் நம்பிவந்தனர். இன்றைய காணொளிகளோ அந்தச் சத்தத்தை நம்பியே ஓடுகின்றன. சத்தம் வந்தவர்களையும் வராதவர்களையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, பிறகு இரு சாராரின் வலியையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், முன்னேற்றத்திற்குச் சத்தம் தேவையில்லை என்று கண்டனர்.

நெறியாளரைத் தேடுதல்

தனியாக ஆய்வு செய்ய இயலாது, செய்யவும் கூடாது. உங்கள் கல்லூரி ஆசிரியர்களில் அண்மையில் ஏதேனும் வெளியிட்டிருப்பவரைத் தேடி, ஒரு பக்கக் குறிப்புடன் செல்லுங்கள். வெறுங்கையுடன் சென்று 'ஏதாவது தலைப்பு கொடுங்கள்' என்று கேட்பவருக்குப் பழைய தலைப்பே கிடைக்கும். தொழில்சார் வலி, கிராமக் கணக்கெடுப்பு போன்றவற்றில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைக்குப் பழக்கம் அதிகம். தருமபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022-இல் திறக்கப்பட்டதுமாக இரு கல்லூரிகள் அருகிலேயே உள்ளன. உங்கள் ஆசிரியர் வழியாக அத்துறையினரை இணை நெறியாளராகக் கேட்பது நலம்.

உடனே சொந்த ஆய்வு தொடங்க முடியாதவர், எம்.பி.டி. எனப்படும் பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு மாணவர் ஒருவரின் ஆய்வில் அளவெடுக்கவோ தரவைப் பதிவு செய்யவோ உதவலாம். முறையான பயிற்சிக்கு, ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சென்னை நிறுவனமான என்.ஐ.இ. (தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்) இணையவழியில் நடத்தும் மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடங்களில் சேரலாம். ஐ.சி.எம்.ஆர். வழங்கும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் உதவித்தொகை எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களை நோக்கியது என்பதால், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்குகிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உங்கள் பாடப்பிரிவு இடம்பெறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்ட வரைவும் அளவுகோல்களும்

திட்ட வரைவில் பின்னணி, கேள்வி, யாரைச் சேர்ப்பது, யாரைத் தவிர்ப்பது, எப்படி அளப்பது, எத்தனை பேர், எப்படிக் கணக்கிடுவது, என்ன செலவு, எத்தனை மாதம் என்பவை இருக்க வேண்டும். ஆறேழு பக்கங்களுக்குள் அடங்கினால் போதும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை 'முப்பது இருந்தால் சரி' என்று வாய்க்கணக்காகச் சொல்லக் கூடாது. விழுக்காட்டை அறியும் ஆய்வுக்கு வழி எளிது: எதிர்பார்க்கும் விழுக்காட்டையும், எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பாதிப் பேருக்குக் கழுத்துவலி இருக்கலாம் என்று கருதி, பத்து விழுக்காடு இப்புறமோ அப்புறமோ பிழையை ஏற்றால், 95 விழுக்காடு நம்பகத்திற்கு 97 பேர் தேவை. பிழையை ஐந்து விழுக்காடாகக் குறைத்தால் 385 பேர் வேண்டும். பத்தில் ஒருவர் மறுக்கக்கூடும் என்று கொண்டால் 97 என்பது 108 ஆகும். மாணவருக்கு 108 பேர் என்பது எட்டக்கூடிய எண்ணிக்கை. ஓப்பன் எபி என்ற இலவசத் தளத்தில் இக்கணக்கைச் சரிபார்க்கலாம்.

சிகிச்சையை ஆராய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. இடுப்புவலி பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் ஓ.பி.க்கு வருகின்றனர், அதன் பின் எதுவும் செய்யாவிட்டாலும் பலருக்கு ஓரளவு குறையும். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாமல், சிகிச்சைக்கு முன் ஏழு, பின் மூன்று என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது. நல்ல பரிசோதனை ஆய்வுக்கு ஆட்கள், காலம், கண்காணிப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பதால், முதல் ஆய்வாகக் கணக்கெடுப்பு ஆய்வையோ, இருவர் ஒரே அளவை எடுத்தால் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் ஆய்வையோ தேர்ந்தெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அளவுகோலை நீங்களே உருவாக்க முனைய வேண்டாம். வலியின் அளவுக்கு பூச்சியம் முதல் பத்து வரையான எண் அளவுகோலும், இடுப்புக்கு ஆஸ்வெஸ்ட்ரி, ரோலண்ட்-மோரிஸ் வினாப்படிவங்களும், வேலையின்போது உடல் இருக்கும் நிலைக்கு ரூலா, ரீபா முறைகளும் நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டவை. பிசியோதெரபிஸ்டுகள் நாள்தோறும் பயன்படுத்தும் கழுத்து இயலாமைக் குறியீடு, கனடாவின் கைரோபிராக்டிக் கல்லூரியைச் சேர்ந்த ஹோவர்ட் வெர்னன் தம் சக ஆய்வாளருடன் 1991-இல் வெளியிட்டது. துறைகளுக்கு இடையிலான வேலி ஆய்வில் அவ்வளவு உயரமானதன்று. ஆனால் ஆஸ்வெஸ்ட்ரி போன்ற சில படிவங்களுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை. ஏற்கெனவே தமிழாக்கம் செய்து சோதித்த வடிவம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்று, வேறுபாடுகளைக் குழுவாக அமர்ந்து தீர்க்கும் நடைமுறை உண்டு. நாற்காலியில் எவ்வளவு நேரம் அமர முடிகிறது என்று ஆஸ்வெஸ்ட்ரி கேட்கிறது. தரையிலேயே அமர்ந்து உண்டு, உழைத்து, உறங்குபவரிடம் அக்கேள்வி எதை அளக்கும் என்பதைக் குழு விவாதித்தாக வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

மனிதரிடமிருந்து தகவல் பெறும் ஆய்வு எதுவாயினும், முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். 'வெறும் கேள்வி கேட்பதுதானே, ஊசியா போடுகிறோம்' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விலக்கு அளிக்கலாமா, விரைவாகப் பார்க்கலாமா, முழுக் குழுவும் கூடி ஆராய வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது குழுவின் வேலை, ஆய்வாளரின் வேலையன்று. ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இதற்கு அடிப்படை. உங்கள் கல்லூரியில் பதிவு பெற்ற குழு இல்லையெனில், வேறு நிறுவனத்தின் குழுவை அணுக நெறியாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். குழு மாதந்தோறும் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. புளிப் பருவத்தில் தரவு வேண்டுமானால் அதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் இப்பகுதியில் தனிக் கவனம் கோருவது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி. தமிழில் அச்சிட்ட தாளை அவர்களிடம் நீட்டிக் கையொப்பம் வாங்குவது ஒப்புதலாகாது. அவர்கள் மொழியில் தகவல் தாள் வேண்டும். அல்லது அம்மொழி தெரிந்தவர் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்து சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரெனில் பெற்றோரின் ஒப்புதலும், ஏழு வயது நிரம்பிய பிள்ளையாயின் அப்பிள்ளையின் சம்மதமும் தேவை. சித்தேரி மலை போன்ற பழங்குடிப் பகுதிகளில் ஊர்ப் பெரியவரின் அனுமதி முதற்கண் வேண்டுமென்றாலும், அது தனிநபர் ஒப்புதலுக்கு மாற்றாகாது.

தொழிற்கூடங்களில் இன்னும் நுட்பமான சிக்கல் எழுகிறது. முதலாளியின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அவர் அனுமதித்துவிட்டாலோ, தொழிலாளிக்கு மறுக்கும் துணிவு வராது. மறுத்தவர் யார், வலி இருக்கிறது என்றவர் யார் என்பது முதலாளிக்கோ மேஸ்திரிக்கோ எந்நிலையிலும் தெரிய வராது என்பதைப் படிவத்திலேயே எழுதி, அதன்படி நடக்க வேண்டும். இயன்றால் வேலையிடத்தைத் தவிர்த்து, மாலையில் வீட்டிற்குச் சென்று கேளுங்கள்.

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வாயின், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், தொடங்கிவிட்ட ஆய்வுகளை அது ஏற்பதில்லை. அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளைப் பார்ப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி மட்டும் போதாது. மாவட்டச் சுகாதாரத் துறையின் எழுத்துவழி அனுமதியும் வேண்டும்.

களத்தில்

உண்மையான தரவு சேகரிப்புக்கு முன் பத்துப் பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். கேள்விகளை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்வியில் முகம் சுளிக்கின்றனர், எதற்கு எல்லோரும் ஒரே விடை சொல்கின்றனர் என்பன அப்போதே தெரிந்துவிடும். வலி எங்கே என்று வாயால் கேட்பதைவிட, மனித உடலின் படத்தைக் காட்டி விரல் வைக்கச் சொல்வது மேல்.

நாளையும் நேரத்தையும் ஊரின் நடப்பு தீர்மானிக்கும். கூலி வேலை செய்பவரை நண்பகலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் அவர் இழப்பது உண்மையான பணம். அதற்கும் போக்குவரத்துக்கும் ஈடு செய்வதை வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன, ஆனால் தொகையைக் குழுவிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். கிராமச் செவிலியரையோ 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரையோ அறிமுகத்துக்கு அழைத்துச் செல்லலாம். கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் விலகியிருப்பது நல்லது. பெண்களிடம் பெண் மாணவரே உடலசைவை அளவெடுக்க வேண்டும்.

மூட்டு எவ்வளவு கோணம் அசைகிறது என்று காட்டும் கோனியாமீட்டரால் அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். இருவர் அளந்தாக வேண்டுமெனில், இருவரும் ஒரே பத்துப் பேரைத் தனித்தனியே அளந்து வேறுபாட்டைப் பார்த்த பின்பே களமிறங்க வேண்டும். பெயர் ஒரு நோட்டிலும், விடைகள் எண் குறியீட்டுடன் வேறொன்றிலும் இருக்க வேண்டும். கைப்பேசியில் கோபோ போன்ற இலவசச் செயலியில் பதிவு செய்தால், சிக்னல் இல்லாத மலையூரிலும் வேலை நடக்கும். ஊருக்குத் திரும்பிய பின் பதிவேற்றிக்கொள்ளலாம். நோயாளிகளின் படத்தையோ விவரத்தையோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

ஆய்வின்போது, இரவில் கூடும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றைச் சொல்பவர் எவரேனும் எதிர்ப்படுவார். அவரைப் படிவத்தில் ஒரு எண்ணாகப் பதிந்துவிட்டு நகரக் கூடாது. எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் அனுப்புவது என்பதைத் திட்ட வரைவிலேயே எழுதி, அச்சிட்ட பரிந்துரைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கணக்கும் எழுத்தும்

புள்ளியியலைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஜமோவி என்ற இலவச மென்பொருளே மாணவர் ஆய்வுகளுக்குப் போதும். எந்தக் கணக்கைப் போடுவது என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால், விரும்பிய விடை வரும்வரை கணக்கை மாற்றிப் பார்க்கும் ஆசை எழாது. உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இத்தகைய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைக் குறிக்கும் பி மதிப்பு 0.05-க்குக் கீழ் வரவில்லை என்பதால் ஆய்வு தோற்றுவிட்டதாக எண்ணும் வழக்கம் ஆசிரியர்களிடமும் உண்டு. விழுக்காட்டையும், அது எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்று காட்டும் நம்பக எல்லைகளையும் நேர்மையாகக் கொடுத்தால் அதுவே முடிவு.

எழுதும்போது, கணக்கெடுப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், தனி நோயாளி அறிக்கைக்கு கேர், பரிசோதனை ஆய்வுக்கு கன்சார்ட் என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களை ஸோட்டெரோ என்ற மென்பொருளில் சேமியுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கட்டுரைகளை இருப்பவை போலவே உருவாக்கித் தரும் என்பதால், ஒவ்வொரு மேற்கோளையும் நீங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

யார் பெயர் எந்த வரிசையில் என்பதைத் தொடக்கத்திலேயே நெறியாளரிடம் பேசி எழுதிக்கொள்வது பின்னாளைய மனத்தாங்கலைத் தவிர்க்கும். ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு ஆகிய நான்கும் உள்ளவரே ஆசிரியர் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதி. மாணவர் இதைச் சொல்லத் தயங்குவது இயல்பே. விதியை அச்சிட்டு எடுத்துச் சென்றால் பேச்சு எளிதாகும்.

மூன்று நாளில் வெளியிடுவோம், பணம் மட்டும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் சிக்க வேண்டாம். யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு, தரமான இதழ்களைக் குறித்துவந்த தன் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், இதழைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது நம்மிடமே உள்ளது. டி.ஓ.ஏ.ஜே. என்ற, எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் பட்டியலில் உள்ளதா, ஆசிரியர் குழுவில் இருப்போர் உண்மையானவர்களா, பழைய இதழ்களின் கட்டுரைகள் படிக்கத் தகுந்தவையா என்று பாருங்கள். கட்டணமே வாங்காத நல்ல இதழ்களும் உண்டு. அவற்றில் காத்திருப்பும் திருத்தக் கோரிக்கைகளும் அதிகம் என்றாலும், மதிப்பாய்வாளர் எழுதி அனுப்பும் இரண்டு பக்கக் குறைகள் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

கட்டுரை அனுப்பியாயிற்று என்பதோடு வேலை முடிவதில்லை. நெறிமுறைக் குழுவிற்கு நிறைவு அறிக்கை அளிக்க வேண்டும். படிவங்களைக் குழு குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கல்லூரியில் பூட்டி வைக்க வேண்டும். விடை சொன்னவர்களுக்கும் ஒரு பக்கத்தில், அவர்கள் மொழியில், பெயர்கள் எதுவுமின்றி முடிவுகளைச் சேர்ப்பியுங்கள். நூற்றியெட்டுப் பேரில் இத்தனை பேருக்குக் கழுத்துவலி, உட்காரும் பலகையின் உயரத்தை மாற்றிப் பார்க்கலாம், இன்ன கிழமையில் இன்ன மருத்துவமனையில் பிசியோதெரபி ஓ.பி. உண்டு என்ற அளவில் இருந்தால் போதும். அத்தாளின் ஒரு படியை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே ஊரில் ஆய்வு செய்ய வரும் உங்கள் ஜூனியருக்கு அது உதவும்.